கம்பெனி மாறிக்கொண்டே இருப்பதா, ஒரே இடத்தில் நிலைப்பதா? பத்து வருஷக் கணக்கில் ஒரு ஒப்பீடு

ஏப்ரல், மே வந்தால் சென்னையில் ஐடி கம்பெனிகள் வரிசையாக இருக்கும் ஓஎம்ஆர் சாலையின் டீக்கடைகளில் பேச்சே வேறாகிவிடும். அப்ரைசல் கடிதத்தில் ஆறோ ஏழோ சதவீதம் ஹைக் போட்டிருக்கும், கூடவே சேர்ந்து வேலை பழகியவன் வெளியே போய் நாற்பது சதவீதம் வாங்கிய செய்தியும் அதே வாரம் வந்து சேரும். நாமும் பேப்பர் போட்டு (ராஜினாமா கொடுத்து) கிளம்பிவிடலாமா, அல்லது இங்கேயே பொறுத்திருந்தால் மேலே வரலாமா என்று பலரும் யோசிப்பது அப்போதுதான். ஐடி வேலையை வைத்தே இதைப் பேசப்போகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். சென்னையில் பல வருஷமாக இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்து மற்றவர்களின் ரெஸ்யூமே படிப்பது என் வேலையில் ஒரு பகுதி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஏழெட்டு வருஷத்தில் இரண்டு, மூன்று முறை மாறுவது பெரும்பாலானவர்களுக்கு நல்லது. மாறாமலே இருப்பது அந்தக் காலகட்டத்தில் நேரடியான பண நஷ்டம். ஆனால் வருஷத்துக்கு ஒன்று, ஒன்றரை வருஷத்துக்கு ஒன்று என்று தாவுவதன் விலை உடனே தெரியாது, பத்தாவது வருஷத்தைத் தாண்டிய பிறகு மொத்தமாகக் கட்டவேண்டி வரும். எத்தனை மாதம் இருந்தோம் என்பதைவிட, ஒரு வேலையை ஆரம்பித்து, முடித்து, அதன் பலாபலனை நம் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்பினோமா என்பதுதான் கணக்கு.

முதலில் சம்பளம்

இதில் தாவுகிறவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, அதை மழுப்பக்கூடாது. பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் (மற்ற நிறுவனங்களுக்கு ஐடி வேலை செய்து கொடுப்பவை) கல்லூரி கேம்பஸில் எடுக்கும்போது கொடுக்கும் சம்பளம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே பத்து வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது. 3.6 லட்சத்தில் ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம், வருஷா வருஷம் 8 சதவீதம் ஏறுகிறது. பத்து வருஷம் கழித்து அவர் வாங்குவது சுமார் 7.8 லட்சம். நடுவில் இரண்டு ப்ரமோஷன் கிடைத்து அந்த இரண்டு வருஷம் மட்டும் 20 சதவீதம் ஏறியது என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 9.6 லட்சத்தைத் தாண்டாது. அதே ஆள் பத்து வருஷத்தில் மூன்று முறை மாறி, ஒவ்வொரு முறையும் 35 சதவீதம் வாங்கி, மற்ற ஏழு வருஷமும் அதே 8 சதவீதத்தில் இருந்தால் 15 லட்சத்தைத் தாண்டிவிடுகிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஐந்து முறை மாறினால் 23.7 லட்சம். இது ஆராய்ச்சி முடிவு எதுவும் இல்லை, கால்குலேட்டரில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. ஆனால் வீட்டில் "ஒரே இடத்துல இருந்தாதான் மரியாதை" என்று சொல்கிற அப்பாவுக்கு இந்த மூன்று எண்ணையும் எழுதிக் காட்டினால் அவரே யோசிப்பார். வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் வேலை பார்த்த தலைமுறைக்கு இன்க்ரிமென்ட்டும் பென்ஷனும் உள்ளே இருப்பவருக்குத்தான் கிடைத்தன, அதனால் அவர்கள் சொல்வது அவர்கள் காலத்துக்குச் சரிதான்.

ஏன் இப்படி? உள்ளே இருப்பவருக்கான ஹைக் என்பது மொத்த டீமுக்கும் சேர்த்து மேலிருந்து வரும் ஒரு சதவீதம். மேனேஜர் ஒருவருக்கு 12 கொடுக்கவேண்டும் என்றால் இன்னொருவருக்கு 4 ஆக்கவேண்டும். வெளியிலிருந்து எடுக்கும் ஆளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, கிளையன்ட் அவசரமாகக் கேட்கிறான், சந்தை விலை இவ்வளவு என்று சொல்லி வேறு பட்ஜெட்டில் எடுத்துவிடுவார்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில் புதிதாக வந்தவர் அதிகம் வாங்குவது இதனால்தான். விசுவாசத்துக்கு மதிப்பில்லை என்று இதற்காகப் புலம்பிப் பிரயோஜனம் இல்லை, பட்ஜெட் போடும் முறையே அப்படி.

சரி, அப்படியென்றால் ஐந்து முறை தாவியவர் ஜெயித்துவிட்டாரா? அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 3.6 லட்சத்தில் இருப்பவருக்கு 35 சதவீதம் கொடுப்பது கம்பெனிக்குப் பெரிய காசில்லை. 23 லட்சத்தில் இருப்பவருக்கு அதே சதவீதம் என்றால் எட்டு லட்சம். அந்த இடத்தில், இவருக்கு என்ன தெரியும், எதைப் பொறுப்பேற்றுச் செய்திருக்கிறார் என்று நிஜமாகவே தோண்ட ஆரம்பிப்பார்கள். மூன்று வருஷ அனுபவத்துக்கு டெக்னாலஜி கேள்வி கேட்டு எடுப்பார்கள், பன்னிரண்டு வருஷ அனுபவத்துக்கு முடிவுகளைப் பற்றிக் கேட்பார்கள். அதோடு, எல்லா வருஷமும் 2021, 2022 மாதிரி இருக்காது. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 28.4 சதவீதம், அதே வருஷம் செப்டம்பர் காலாண்டில் டிசிஎஸ்ஸில் 21.5. கையில் மூன்று ஆஃபர் வைத்துக்கொண்டு பேரம் பேசிய காலம் அது. 2024 மார்ச்சுக்கு வரும்போது இரண்டு கம்பெனியிலும் அது 12, 13 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அப்போது வேலையை விட்டவர்கள் குறைந்ததற்கு உள்ளே திடீரென்று சுகமாகிவிட்டது காரணம் இல்லை, வெளியே கதவுகள் மூடிக்கொண்டன. 2022இல் சந்தை விலைக்கு மேலே போய் உட்கார்ந்தவர்களில் பலர் அடுத்த மூன்று வருஷம் அதே சம்பளத்தில், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

பேனலில் நடப்பது

ஒரு இன்டர்வியூவைச் சொல்கிறேன், இது எனக்குப் பல முகங்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. பதினோரு வருஷ அனுபவம், ஏழு கம்பெனி. டெக்னாலஜி பட்டியல் ஒரு பக்கத்துக்கு ஓடுகிறது. ஆள் கெட்டிக்காரர், கேட்ட கேள்விக்கெல்லாம் பளிச்சென்று பதில் வருகிறது. ரெஸ்யூமேயில் ஒரு பேமென்ட் சிஸ்டத்தைப் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாற்றியதாக எழுதியிருக்கிறார். நல்ல வேலை அது, கஷ்டமானது. எப்படித் திட்டமிட்டீர்கள் என்று கேட்டால் படம் போட்டு விளக்குகிறார். "சரி, லைவ் போன பிறகு வந்த முதல் மார்ச் மாசக் கடைசியில லோடு எப்படி இருந்தது, எது உடைஞ்சது?" என்று கேட்டேன். "அதுக்குள்ள நான் வேற கம்பெனி மாறிட்டேன் சார்" என்றார். அதற்கு முந்தின கம்பெனியில் செய்த வேலையைப் பற்றிக் கேட்டேன். அங்கேயும் டிசைன் முடிந்து பாதி எழுதும்போதே கிளம்பிவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை, சோம்பேறியும் இல்லை. ஆனால் தான் எடுத்த ஒரு முடிவு ஆறு மாதம் கழித்து, ஒரு வருஷம் கழித்து என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. மென்பொருளில் உண்மையான பாடமெல்லாம் அந்த இரண்டாம் வருஷத்தில்தான் இருக்கிறது. அவசரத்துக்கு நாம் வைத்த குறுக்குவழி எங்கே வந்து கடிக்கிறது, டேபிளில் ஒரு இண்டெக்ஸ் போடாமல் விட்டது எத்தனை லட்சம் ரெக்கார்டுக்குப் பிறகு தெரிகிறது, நாம் எழுதிய கோடை நாம் இல்லாதபோது ராத்திரி இரண்டு மணிக்கு இன்னொருவன் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா, இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் வரும். ஒரு ஆர்க்கிடெக்ட்டிடமோ டெலிவரி மேனேஜரிடமோ எதிர்பார்ப்பது இந்த அறிவைத்தான். ஏழு கம்பெனியில் ஏழு முதல் வருஷம் பார்த்தவரிடம் அது இருக்காது. அதனால் பன்னிரண்டாவது வருஷத்தில் அவருக்குக் கிடைக்கும் வேலையும் ஐந்தாவது வருஷத்து வேலைதான், சம்பளம் மட்டும் அதிகம். ஆட்குறைப்பு என்று வந்தால் அப்படிப்பட்டவர் பெயர் சீக்கிரம் மேலே வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏழு கம்பெனி என்று பார்த்தவுடனே ஹெச்ஆர் பக்கத்தில் ரெஸ்யூமேயை ஓரம் வைத்துவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ப்ராஜெக்ட் மூடியதால், கம்பெனியே மூடியதால், குழந்தைக்கு உடம்பு சரியில்லாததால் மாறியவர்கள் நிறையப் பேர். காரணத்தை ஒரே வரியில் நேராகச் சொன்னால் பேனலில் இருப்பவர்களுக்குப் புரியும். பழைய மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தால்தான் சந்தேகம் வரும்.

அப்படியென்றால் இருந்துவிடலாமா?

அதிலும் ஆபத்து இருக்கிறது, இன்னும் சொன்னால் சத்தமே இல்லாத ஆபத்து. பத்து வருஷமாக ஒரே வங்கிக்கு ஒரே சப்போர்ட் ப்ராஜெக்ட்டில் இருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த சிஸ்டத்தில் எந்த ஜாப் எத்தனை மணிக்கு ஓடும், எது ஃபெயிலானால் யாரை எழுப்பவேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கிளையன்ட் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். அதனாலேயே மேனேஜர் அவரை வேறு ப்ராஜெக்ட்டுக்கு விடமாட்டார். அவருக்கும் சௌகரியமாக இருக்கும், ஐந்தரைக்குக் கிளம்பி பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப்போக முடியும். ஒருநாள் கிளையன்ட் அந்த வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால், அல்லது சிஸ்டத்தையே தூக்கிவிட்டால், அவர் பெஞ்சுக்கு, அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் பட்டியலுக்கு, வருவார். அவருடைய அறிவில் முக்கால்வாசி அந்த ஒரு வங்கிக்கு வெளியே யாருக்கும் தேவைப்படாது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அதில் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள் என்றே சொன்னார்கள். நீண்ட நாள் இருந்தால் பாதுகாப்பு என்று நம்பியிருந்த நிறையக் குடும்பங்களில் அந்த வாரம் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

ஆகவே இருப்பது என்றால் உள்ளேயே நகர்ந்துகொண்டு இருப்பது. இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் நடராஜன் சந்திரசேகரன். நாமக்கல் பக்கம் மோகனூர்க்காரர், திருச்சி ஆர்இசியில் (இப்போது என்ஐடி) எம்சிஏ முடித்து 1987இல் டிசிஎஸ்ஸில் சேர்ந்தார், 2009இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி, 2017இல் டாடா சன்ஸ் தலைவர். முப்பது வருஷம் ஒரே குழுமம். இப்போது டிசிஎஸ்ஸின் தலைமையில் இருக்கும் கிருத்திவாசனும் 1989இல் அங்கே சேர்ந்தவர்தான். எதிர்ப்பக்கத்தில் இந்திரா நூயி. சென்னையில் படித்து, மேட்டூர் பியர்ட்செல், ஜான்சன் அண்ட் ஜான்சன், பிறகு அமெரிக்காவில் பாஸ்டன் கன்சல்டிங் குரூப், மோட்டரோலா, ஏபிபி என்று மாறி மாறிப் போய், 1994இல் பெப்சிகோவில் சேர்ந்தார், 2006இல் அதன் தலைமைப் பதவி. மேலோட்டமாகப் பார்த்தால் ஒருவர் நிலைத்தவர், ஒருவர் தாவியவர். கொஞ்சம் உள்ளே பார்த்தால் நூயி அமெரிக்காவில் ஒவ்வொரு இடத்திலும் நாலு முதல் ஆறு வருஷம் இருந்திருக்கிறார், கடைசிப் பதவிக்கு வருவதற்கு முன் பெப்சிகோவுக்குள்ளேயே பன்னிரண்டு வருஷம். லட்சக்கணக்கானோரில் ஒருவர் இருவரை வைத்து நம் வாழ்க்கையை முடிவு செய்ய முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் இருவருமே ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே இடத்தில் ஆழமாக இறங்கியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் விடமுடியவில்லை.

தங்கியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சில விஷயங்கள் உண்டு, அவை ஆஃபர் லெட்டரில் தெரியாது. ஆன்சைட், அதாவது கிளையன்ட் இருக்கும் வெளிநாட்டுக்கே போய் வேலை பார்ப்பது, அதில் ஒன்று. அமெரிக்காவுக்கு எல்-1 விசாவில் அனுப்பவேண்டும் என்றால் அதற்கு முந்தின மூன்று வருஷத்துக்குள் அதே நிறுவனத்தில் தொடர்ந்து ஒரு வருஷமாவது அமெரிக்காவுக்கு வெளியே வேலை பார்த்திருக்கவேண்டும், அதற்கு மேல் மேனேஜருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வந்திருக்கவேண்டும். இன்னொன்று பங்கு. ஸ்டார்ட்அப்களில் கொடுக்கும் ஈசாப் (ஊழியருக்கான பங்கு) பெரும்பாலும் நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நம் கைக்கு வரும், முதல் வருஷம் முடிவதற்குள் போனால் ஒன்றுமே கிடையாது. 2010இல் சென்னையில் ஆரம்பித்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அதன் நிறுவனரே சொன்னார். எல்லா ஸ்டார்ட்அப்பும் அப்படி ஆகாது, பல பங்குகள் வெறும் காகிதமாகவே முடியும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராஜுவிட்டி, பிஎஃப், மற்ற சில்லறைகள்

"அஞ்சு வருஷம் முடியட்டும், கிராஜுவிட்டி வந்துரும்" என்று சொல்லி நல்ல ஆஃபரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலையை விடும்போது நம் சர்வீஸுக்காகக் கம்பெனி கொடுக்கும் அந்தத் தொகை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா என்பது சந்தேகம். சுமாராகச் சொன்னால், கடைசி மாத பேசிக்கை (அடிப்படைச் சம்பளத்தை) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, எத்தனை வருஷம் இருந்தோமோ அதனால் பெருக்கவேண்டும். பேசிக் 40,000 ரூபாய், ஐந்து வருஷம் என்றால் சுமார் 1,15,000 ரூபாய். அதற்காக இரண்டு வருஷம் காத்திருப்பது அர்த்தமில்லாதது. ஆனால் நாலரை வருஷம் ஆகிவிட்டது, இன்னும் சில மாதம்தான் என்றால் கட்டாயம் காத்திருங்கள், அல்லது புது கம்பெனியிடம் சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். நாலு வருஷமும் 240 நாளும் முடித்திருந்தால் ஐந்து வருஷமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது (நூயி வேலை பார்த்த அதே கம்பெனிதான், தற்செயல்). எல்லா ஹெச்ஆரும் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிப் பேப்பர் போடவேண்டாம், முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு, நிரந்தர ஊழியருக்கு அதே ஐந்து வருஷம்தான்.

தாவுகிறவர்கள் கவனிக்காத ஒன்று இதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஆஃபரில் காட்டும் சிடிசியில் (கம்பெனி நமக்காகச் செலவிடும் மொத்த வருஷத் தொகையில்) கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம் சேர்த்திருப்பார்கள். இரண்டு வருஷத்தில் கிளம்பிவிடுகிறவருக்கு அந்தப் பணம் கைக்கு வரவே வராது. வேரியபிள் என்று கூடிக்குறையும் இன்னொரு துண்டு, அது முழுதாக வந்தால் அதிர்ஷ்டம். ஜாயினிங் போனஸ் கொடுத்தால் ஒரு வருஷத்துக்குள் போனால் திருப்பிக் கட்டு என்று ஷரத்து இருக்கும். 35 சதவீத ஹைக் என்று சொன்னதை மாதம் கைக்கு வரும் காசில் போட்டுப் பார்த்தால் பல நேரம் 22, 23 சதவீதம்தான் வரும்.

பிஎஃப்பை ஒவ்வொரு முறையும் எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான். மாற்றினால் பழைய சர்வீஸும் தொடர்ச்சியாகச் சேரும், மொத்தம் ஐந்து வருஷம் ஆவதற்கு முன் எடுத்தால் வரி வரும். வருஷ நடுவில் மாறினால் பழைய கம்பெனியில் வாங்கிய சம்பள விவரத்தைப் புது கம்பெனியில் கொடுங்கள், கொடுக்காவிட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியே வரிவிலக்குக் கொடுத்து வரியைக் குறைவாகப் பிடித்துவிடும், ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது ஒரு பெரிய தொகையைக் கையிலிருந்து கட்டவேண்டியிருக்கும்.

குடும்பம் இருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசியில் அம்மா அப்பாவைச் சேர்த்திருப்போம், அவர்களுக்கு ஏற்கெனவே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. கடைசி வேலைநாளோடு அந்தக் காப்பீடு முடிந்துவிடும். இரண்டு வேலைக்கு நடுவில் பதினைந்து நாள் ஊருக்குப் போய் ஓய்வெடுப்போம் என்று இருக்கும்போதுதான் அப்பாவுக்கு நெஞ்சு வலி வரும். புதிதாகத் தனி பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். எத்தனை கம்பெனி மாறினாலும் அவர்களுக்கென்று தனியாக ஒரு பாலிசி முடிந்தவரை சீக்கிரமே எடுத்து ஓட்டிக்கொண்டு வருவது தாவுகிறவர்களுக்கு அவசியம்.

பெண்கள் இன்னொன்றைப் பார்க்கவேண்டும். 26 வார மகப்பேறு விடுப்பு சம்பளத்தோடு வேண்டும் என்றால் பிரசவத் தேதிக்கு முந்தின பன்னிரண்டு மாதத்தில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்கவேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் சமயத்தில் வேலை மாறுவதாக இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு மாறுங்கள். சட்டம் ஒருபக்கம், புது இடத்தில் யாருக்கும் நம்மைத் தெரியாது என்பது இன்னொருபக்கம். மூன்று வருஷம் பார்த்த மேனேஜர் "போயிட்டு வாம்மா, உன் இடம் இருக்கும்" என்று சொல்வதும், மூன்று மாதம் பார்த்த மேனேஜர் சொல்வதும் ஒன்றாக இருக்காது. விடுப்பு முடிந்து திரும்பி வந்தவர்கள் தங்கள் பழைய ப்ராஜெக்ட் கைமாறிப் போயிருப்பதைப் பார்த்து மனம் நொந்து வேலையையே விட்டதை நான் கண்டிருக்கிறேன். அப்படி ஒருவர் போனால் அந்த டீமுக்குத்தான் நஷ்டம், அதைத் தடுக்கும் பொறுப்பு மேனேஜர்களுக்கு இருக்கிறது. வீட்டுக்கடன் வாங்கப்போகிறவர்களும் அப்படியே, தற்போதைய வேலையில் எவ்வளவு காலம் என்று வங்கி கேட்கும், கடன் கைக்கு வரும்வரை மாறாமல் இருப்பது நல்லது.

எந்தத் தாவல் மதிப்புள்ளது

எல்லா மாற்றமும் ஒன்று கிடையாது. ஒரு சர்வீஸ் கம்பெனியிலிருந்து இன்னொரு சர்வீஸ் கம்பெனிக்கு, அதே டெக்னாலஜி, அதே மாதிரி கிளையன்ட், சம்பளம் மட்டும் 30 சதவீதம் கூட என்றால் அது வெறும் சம்பள மாற்றம். முதல் முறை அதைச் செய்வதில் தப்பே இல்லை. இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் அதையே செய்தால் ரெஸ்யூமேயில் கம்பெனி பெயர்தான் மாறும். சர்வீஸிலிருந்து, சொந்தமாக மென்பொருள் செய்து விற்கும் ப்ராடக்ட் கம்பெனிக்கோ, சென்னையில் வெளிநாட்டு வங்கிகளும் கார் கம்பெனிகளும் சொந்தமாக நடத்தும் மையங்களுக்கோ போவது வேறு ரகம். அங்கே நாம் செய்வதன் முழுப்படம் தெரிகிறது, முடிவெடுக்கும் ஆட்கள் பக்கத்து மேஜையில் இருக்கிறார்கள். சப்போர்ட்டிலிருந்து டெவலப்மெண்ட்டுக்குப் போக ஒரு மாற்றம், டெஸ்டிங்கிலிருந்து டேட்டா பக்கம் போக ஒரு மாற்றம், இவற்றுக்குச் சம்பளம் அதே அளவில் இருந்தாலும் போகலாம் என்பேன்.

உள்ளேயே வேறு ப்ராஜெக்ட், வேறு பிரிவு கேட்பது என்ற வழியைப் பலர் முயற்சிகூடச் செய்வதில்லை. சம்பளம் உடனே ஏறாது, மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், இரண்டு மூன்று முறை கேட்கவேண்டியிருக்கும். ஆனால் நம்மைத் தெரிந்த இடத்தில், தெரியாத வேலையைக் கற்றுக்கொள்ள அனுமதிப்பார்கள். வெளியே எடுக்கும்போது ஏற்கெனவே தெரிந்த வேலைக்குத்தான் எடுப்பார்கள். புதுத் துறைக்கு மாற நினைப்பவர் முதலில் உள்ளே மாறி, ஒன்றரை, இரண்டு வருஷம் செய்துவிட்டு, பிறகு வெளியே போய் அதற்குரிய சம்பளத்தை வாங்குவது நான் பார்த்ததிலேயே நன்றாக வேலை செய்த வழி.

ஆஃபரைக் காட்டி இருக்கும் இடத்திலேயே கவுண்டர் ஆஃபர் வாங்கித் தங்குவது எனக்குப் பிடிக்காத வழி. போக நினைத்ததற்குச் சம்பளம் மட்டுமே காரணமாக இருந்தால் ஒருவேளை சரி. மேனேஜரோ வேலையோ பிடிக்காமல் கிளம்பியவர் கூடுதல் காசுக்காகத் தங்கினால் ஆறு மாதத்தில் மறுபடி அதே மனநிலைக்கு வந்துவிடுவார், இந்த முறை "இவன் எப்படியும் போகப்போறவன்" என்ற பெயரும் சேர்ந்திருக்கும்.

ஐடிக்கு வெளியே இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்கவேண்டாம். ஒரகடத்திலோ ஓசூரிலோ ப்ரொடக்‌ஷன் இன்ஜினியராக இருப்பவருக்கு ஒரு லைன், ஒரு மெஷின், ஒரு மாடல் முழுதாக வந்து போகும் காலமே மூன்று நாலு வருஷம், அங்கே ஒன்றரை வருஷத்தில் மாறுவது சந்தேகத்தோடு பார்க்கப்படும்.

சரி, யார் என்ன செய்யலாம்? சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும் பெஞ்சிலோ, கோடே எழுதாத வேலையிலோ இருக்கிறீர்களா, கிளம்புங்கள், காத்திருக்க ஒன்றுமில்லை. மூன்று முதல் எட்டு வருஷத்துக்குள் இருப்பவர்கள், கையில் இருக்கும் ப்ராஜெக்ட் லைவ் போய் ஆறு மாதமாவது ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், பொதுவாக அது இரண்டரை, மூன்று வருஷத்தில் வந்துவிடும். பத்து வருஷத்தைத் தாண்டி, ஏற்கெனவே ஐந்தாறு கம்பெனி பார்த்தவர் என்றால் அடுத்த இடத்தை நிதானமாகத் தேர்ந்தெடுத்து, நாலு வருஷமாவது இருப்பதாக நினைத்து உள்ளே போங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய பொறுப்பு இருக்கும் இடமாகப் பாருங்கள். பத்து வருஷமாக மாறாதவர் ரெஸ்யூமேயைப் புதுப்பித்து வெளியே இரண்டு இன்டர்வியூ கொடுத்துப் பாருங்கள், போகவேண்டும் என்பதற்காக இல்லை, வெளியே என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக. மேனேஜர் அவமானப்படுத்துகிறார், உடம்பு கெடுகிறது என்ற நிலையில் இருப்பவருக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது, சேர்ந்து எட்டு மாதமே ஆகியிருந்தாலும் வெளியே வாருங்கள்.

போவது என்று முடிவான பிறகு ஆஃபர் லெட்டர் எழுத்தில் வரும்வரை பேப்பர் போடாதீர்கள். 2022 கடைசியில் ஆஃபர் கொடுத்தவர்களுக்கே சேரும் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்ட கம்பெனிகள் இருந்தன. வாய்வார்த்தையை நம்பி விட்டிருந்தால் கேட்க நாதி இருந்திருக்காது. நோட்டீஸ் பீரியட் பெரும்பாலான ஐடி கம்பெனிகளில் 90 நாள், பணம் கட்டிச் சீக்கிரம் போக முடியுமா, புது கம்பெனி அதைத் திருப்பித் தருமா என்று முதலிலேயே கேளுங்கள். அந்த 90 நாளில் அடுத்து வருகிறவருக்கு கேடியை (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், வேலை விவரங்களைச் சொல்லிக்கொடுப்பது) ஒழுங்காகக் கொடுங்கள், எழுதிவைக்கவேண்டியதை எழுதிவையுங்கள். சென்னை ஐடி சின்ன ஊர்தான், இன்று விட்டுப் போகும் டீமில் இருக்கும் யாரோ ஒருவர் ஐந்து வருஷம் கழித்து நீங்கள் போக விரும்பும் இடத்தில் பேனலில் உட்கார்ந்திருப்பார். ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், பிஎஃப்பில் வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா என்பது, இந்த மூன்றையும் கடைசி நாளுக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் சரிபார்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.